வரிசை எங்கே போயிற்று?

இத்தாலி நாட்டின் மிலான் நகரில் ஒரு தெருவில் நீங்கள் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எதிரே சாந்தா மரியா தெல்லே கிராட்சியே என்னும் பழைய தேவாலயம். அதை ஒட்டி ஒரு மடம். அந்த மடத்துத் துறவிகள் உட்கார்ந்து உணவருந்திய நீண்ட கூடத்தின் கோடிச் சுவரில்தான், 1495-க்கும் 1498-க்கும் இடையில், லியோனார்டோ டாவின்சி 'இறுதி இராவுணவு' ஓவியத்தை வரைந்தார். அகலம் 8.8 மீட்டர், உயரம் 4.6 மீட்டர். உலகின் மிகப் புகழ்பெற்ற ஓவியங்களுள் ஒன்று அது. ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பார்க்கிறார்கள்.

அப்படியானால் வாசலில் எத்தனை நீளமான வரிசை இருக்க வேண்டும்! ஆனால் நீங்கள் பார்ப்பதோ சிறு கும்பல் மட்டும். உங்கள் கையிலுள்ள நுழைவுச் சீட்டில் '10.15' என்று அச்சாகியிருக்கிறது. பத்தேகால் ஆனதும் ஒரு கண்ணாடிக் கதவு திறக்கிறது. ஏறக்குறைய 40 பேர் உள்ளே போகிறீர்கள். கதவு மூடிக்கொள்கிறது. எதிரேயுள்ள அடுத்த கதவு உடனே திறப்பதில்லை. பின்னால் உள்ளது நன்றாக மூடிய பிறகே முன்னால் உள்ளது திறக்கிறது. இப்படிச் சில அறைகளைக் கடந்து ஓவியத்தின் முன் போய் நிற்கிறீர்கள். சரியாக 15 நிமிடம். அதற்குள் அழைப்பு வந்துவிடுகிறது. மறுகோடிக் கதவு வழியே நீங்கள் வெளியேறுகிறீர்கள். பத்தரை மணிக்காரர்கள் உள்ளே வருகிறார்கள்.

திருமலையில் நேரம் குறித்த தரிசன டோக்கன் வாங்கியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. இன்று உலகெங்கும் கூட்டம் சேரும் இடங்களில் இத்தகைய நேரச்சீட்டு வழக்கத்துக்கு வந்துவிட்டது. தெருவில் நின்ற வரிசை எங்கே போயிற்று? 15 நிமிடம், 40 பேர் என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? இவற்றுக்கு விடை தேடினால், இயற்பியலும் கணிதமும் கைகோத்து வரக் காணலாம்.

சுவருக்கு வந்த நோய்

முதலில் அந்தச் சுவரைப் பற்றி. அக்காலத்து இத்தாலிய ஓவியர்கள் சுவரில் சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தைத் தீட்டினார்கள். சாந்திலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக இறுகும்போது, வண்ணத் துகள்களையும் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. வண்ணம் சுவரின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. ஆனால் ஈரம் காய்வதற்குள் வேகமாக வரைந்தாக வேண்டும். லியோனார்டோவுக்கு அவசரம் பிடிக்காது. நின்று நிதானித்து, திருத்தித் திருத்தி வரைய விரும்பினார். எனவே காய்ந்த சாந்தின் மேல் வரைந்தார். விளைவு? வண்ணப் படலம் சுவரோடு ஒன்றாமல் மேலே ஒட்டிக்கொண்டு மட்டும் நின்றது. அவர் உயிரோடு இருந்தபோதே அது உதிரத் தொடங்கிவிட்டது. 1652-இல் மடத்தார் ஒரு வாசல் வைப்பதற்காக ஓவியத்தின் அடிப்பகுதியையே வெட்டினார்கள்! 1943 ஆகஸ்டில் விழுந்த குண்டு கூடத்தின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளியது. மணல் மூட்டைகளும் சாரமும் கொடுத்து முட்டு வைத்திருந்ததால் ஓவியச் சுவர் தப்பியது. பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேல் நடந்த சீரமைப்பு 1999-இல் முடிந்தது. அதன் பிறகுதான் இந்தக் கண்டிப்பான நேரக்கட்டுப்பாடு.

குண்டுக்குத் தப்பிய சுவருக்கு நம்மால் என்ன ஆபத்து? நாம் எதையும் தொடப் போவதில்லையே!

தொட வேண்டியதில்லை, நின்றாலே போதும். அமைதியாக நிற்கும் ஒரு மனிதன் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறான். மணிக்கு ஏறக்குறைய 20 லிட்டர் கரியமில வாயுவை விடுகிறான். மூச்சும் வியர்வையுமாக மணிக்குச் சுமார் 50 கிராம் நீராவியையும் காற்றில் சேர்க்கிறான். ஆக, 40 பேர் நிற்கும் கூடத்தில் 4 கிலோவாட் வெப்பம்; அதாவது ஆயிரம் வாட் மின்னடுப்புகள் நான்கு எரிவதற்குச் சமம். நீராவி மணிக்கு 2 கிலோகிராம். கூடம் நாளுக்குப் பத்து மணி நேரம் திறந்திருப்பதாகக் கொண்டால் 20 கிலோகிராம், அதாவது 20 லிட்டர் தண்ணீர். நாள்தோறும் ஒரு பெரிய குடம் நிறையத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கூடத்தில் ஆவியாக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஈரம் போவதற்கு வழி என்ன? காற்றை மாற்றுவதுதான். நாளொன்றுக்கு 3,500 கனமீட்டர் தூய காற்று செலுத்தப்பட்டுவந்த அங்கே, அதை 10,000 கனமீட்டராக உயர்த்தி மேலும் பலரை அனுமதிக்கும் திட்டம் 2017-இல் அறிவிக்கப்பட்டது. இந்த இரண்டு எண்களையும் வைத்து ஒரு தோராயக் கணக்குப் போடலாம். 20 கிலோகிராம் நீராவியை 3,500 கனமீட்டரில் கலந்தால் கனமீட்டருக்கு 5.7 கிராம் கூடுகிறது. 20 டிகிரி செல்சியசில் ஒரு கனமீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவியே சுமார் 17 கிராம்தான். அதில் மூன்றில் ஒரு பங்கை நம் மூச்சும் வியர்வையுமே நிரப்பிவிடுகின்றன! 10,000 கனமீட்டரில் கலந்தாலோ கூடுவது 2 கிராம். எட்டில் ஒரு பங்கு. காற்றுப் பொறியின் ஆற்றலுக்கும் சீட்டின் எண்ணிக்கைக்கும் உள்ள உறவு இப்போது புரிகிறதல்லவா? சீட்டு விற்பவர் தம் விருப்பப்படி 40 என்று எழுதிவிடவில்லை.

அடுத்தடுத்து மூடும் கதவுகளின் காரணமும் இதுவே. தெருப் புழுதியும் வண்டிப் புகையும் ஈரக் காற்றும் நம்மோடு சேர்ந்து உள்ளே புகாமல் அந்த அறைகள் தடுக்கின்றன.

தொட்டியும் குழாயும்

இனி, நேரச்சீட்டின் உள்ளே இருக்கும் கணிதத்துக்கு வருவோம். அது மிக எளிது. ஒரு பெருக்கல் தெரிந்தால் போதும்.

ஒரு தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து குழாய் வழியே நீர் விழுகிறது. அடியிலுள்ள துளை வழியே போகிறது. நீர்மட்டம் ஏறாமலும் இறங்காமலும் நிலையாக நிற்கிறது. நிமிடத்துக்கு 5 லிட்டர் விழுகிறது என்றும், ஒவ்வொரு துளியும் சராசரியாக 12 நிமிடம் தொட்டியில் தங்கிச் செல்கிறது என்றும் கொள்வோம். தொட்டியில் எவ்வளவு நீர் இருக்கும்? இப்போது உள்ளே இருப்பது கடந்த 12 நிமிடத்தில் விழுந்த நீர்தானே! ஆகவே 5 பெருக்கல் 12, 60 லிட்டர்.

தண்ணீருக்குப் பதிலாக மனிதர்களை வைத்துப் பாருங்கள்.

உள்ளே இருப்போர் = வருகை வீதம் × தங்கும் நேரம்

அவ்வளவுதான். மிலானில் மணிக்கு 160 பேர் வருகிறார்கள். தங்குவது கால் மணி. உள்ளே இருப்போர் 40. சோதித்துக்கொள்ளலாம்.

இதற்கு லிட்டில் விதி என்று பெயர். சிறிய விதி என்பதால் வந்த பெயரன்று! ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் பெயரால் அமைந்தது. (2024-இல் தம் 96-ஆம் வயதில் அவர் மறைந்தார்.) அவர் முதலில் படித்தது இயற்பியல் என்பதில் என்போன்ற இயற்பியல் ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இந்தச் சமன்பாட்டை அவருக்கு முன்பே பலர் பயன்படுத்தி வந்தார்கள். வகுப்பில் அவர் இதைச் சொன்னபோது, எல்லா வகை வரிசைகளுக்கும் பொதுவாக இதை நிறுவுவது எவ்வளவு கடினம் என்று ஒரு மாணவர் கேட்டாராம். அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து அவர் எழுதிய நிறுவல் 1961-இல் வெளிவந்தது. ஆட்கள் சீராக வந்தாலும் கும்பல் கும்பலாக வந்தாலும், முதலில் வந்தவர் முதலில் போனாலும் போகாவிட்டாலும், நீண்ட காலச் சராசரியில் விதி பொருந்தும் என்பதுதான் அதன் சிறப்பு.

உங்கள் பள்ளி நூலகத்திலேயே இதைச் சோதிக்கலாம். இரண்டு நண்பர்கள் வாசலில் உட்காருங்கள். ஒருவர் உள்ளே போவோரின் பெயரையும் நேரத்தையும் குறிக்கட்டும். மற்றவர் வெளியே வருவோரைக் குறிக்கட்டும். மூன்றாமவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் தலைகளை எண்ணட்டும். ஒரு மணி நேரம் கழித்து, தலைகளின் சராசரியையும் பெருக்கலின் விடையையும் ஒப்பிடுங்கள். கணக்கு வெகுவாக விலகினால், நீங்கள் தொடங்கியபோதே உள்ளே இருந்தவர்களை மறந்திருப்பீர்கள். நூலகம் திறக்கும் நேரத்திலிருந்து மூடும் நேரம் வரை எண்ணினால் அந்தத் தொல்லை இல்லை.

வெளியேறு என்று சொல்லாத இடம்

மிலானில் வருகையும் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தங்கும் நேரமும் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எல்லா இடங்களிலும் இப்படி முடியாது. ஸ்பெயின் நாட்டில் கிரனடா நகரின் குன்றின் மேல் அல்ஹம்பிரா என்ற கோட்டை அரண்மனை உள்ளது. அதன் உயிர்நாடி, நஸ்ரித் அரச வம்சத்தார் கட்டிய அரண்மனைப் பகுதி. அங்கே அரை மணிக்கு 300 பேர் வரை நுழையலாம். சீட்டில் குறித்த நேரத்தில் நுழைய வேண்டும். தவறினால் சீட்டு பயன்படாது. ஆனால் நுழைந்த பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். யாரும் துரத்துவதில்லை.

இங்கே நம் சமன்பாட்டைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 600 பேர். ஒருவர் சராசரியாக ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்தால் உள்ளே 600 பேர். ஒன்றரை மணி நேரம் சுற்றினால் 900 பேர். ஒரு சீட்டுகூடக் கூடுதலாக விற்கவில்லை. ஆனால் கூட்டம் ஒன்றரை மடங்காகிவிட்டது! ஒவ்வொருவரும் ஒவ்வொரு தூணின் அருகிலும் நின்று கைப்பேசியில் படம் பிடிக்கும் வழக்கம் வந்தால் இதுதான் நடக்கும். நேரச்சீட்டு நேரடியாகக் கட்டுப்படுத்துவது குழாயை மட்டுமே. தொட்டியின் மட்டத்தை அல்ல. பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

இதை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது பின் வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். "சார், கூட்டம் அதிகமானால் நகர்வதே கஷ்டம். அப்போது தங்கும் நேரமும் கூடும் அல்லவா?" என்றார். அருமையான கேள்வி! சமன்பாட்டில் இரண்டு எண்களும் தனித்தனியாக இருப்பது போலத் தெரிந்தாலும், உண்மையில் ஒன்றோடொன்று பின்னியவை. கூட்டம் பெருகினால் குறுகிய வாசல்களில் நெரிசல். நெரிசலால் நடை தளரும். நடை தளர்ந்தால் தங்கும் நேரம் கூடும். அது கூடினால் கூட்டம் இன்னும் பெருகும். ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் ஊளையிடுமே, அதே கதைதான். எனவே அனுமதிக்கும் எண்ணிக்கையை முடிவு செய்பவர்கள், அரண்மனை கொள்ளும் அளவுக்கு நிரப்பாமல், நடை தளரத் தொடங்கும் எல்லைக்குச் சற்றுக் கீழேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சிறு தாமதம்கூட நாள் முழுவதையும் கெடுத்துவிடும்.

ரோம் நகரத்துக் கொலோசியத்தில் வேறு வழி. ஒரே சமயத்தில் 3,000 பேருக்கு மேல் உள்ளே இருக்கக்கூடாது என்பது விதி. வாசலில் நுழைவோரையும் வெளியேறுவோரையும் எண்ணிக்கொண்டே இருந்தால் தொட்டியின் மட்டம் நேரடியாகத் தெரிந்துவிடும். மட்டம் ஏறினால் குழாயைக் கொஞ்சம் மூடலாம்.

தற்செயல் செய்யும் தொல்லை

நேரச்சீட்டு இல்லாத காலத்தில் தெருவில் வரிசை ஏன் நீண்டது? வாசலின் ஆற்றலைவிட வந்தவர்கள் அதிகம் என்பது ஒரு காரணம். ஆனால் வந்தவர்கள் குறைவாக இருந்தாலும் வரிசை உண்டாகும் என்பதுதான் வேடிக்கை.

ஒரு வாயில் மணிக்கு 100 பேரைச் சோதித்து அனுப்பும் என்று வைத்துக்கொள்வோம். வருவதோ மணிக்கு 80 பேர்தான். வரிசையே இருக்கக்கூடாதே! ஆனால் மனிதர்கள் கடிகாரத்தின் முள்ளைப் போல ஒரே சீராக வருவதில்லை. ஒரு நிமிடம் யாரும் இல்லை. அடுத்த நிமிடம் பேருந்திலிருந்து ஐந்து பேர் இறங்குகிறார்கள். ஒருவரின் பையைச் சோதிக்க அரை நிமிடம். இன்னொருவருக்கு இரண்டு நிமிடம். சும்மா இருந்த நிமிடத்தை வாயில் சேமித்து வைக்க முடியாது. கும்பலால் வந்த நெருக்கடி மட்டும் மிஞ்சுகிறது. இப்படி வருகையும் சோதனை நேரமும் தற்செயலாக அமைந்தால், மணிக்கு 80 பேர் வரும்போது சராசரியாக 3 பேர் காத்து நிற்பார்கள். 90 பேர் வந்தால் 8 பேர். 95 பேர் வந்தால் 18 பேர். 99 பேர் வந்தால்? 98 பேர்! வருகை கால் பங்குகூடக் கூடவில்லை. வரிசையோ முப்பது மடங்காகிவிட்டது. முழு ஆற்றலை நெருங்க நெருங்க வரிசை வெடித்து நீள்கிறது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்ற கணித அறிஞர், தொலைபேசி அழைப்புகளுக்காக 1909-இல் தொடங்கிவைத்த ஆராய்ச்சியின் வழியில் வந்த கணக்கு இது. அழைப்பென்ன, ஆளென்ன, கணக்குக்கு எல்லாம் ஒன்றுதான்.

நேரச்சீட்டு இந்தத் தற்செயலை ஒடுக்குகிறது. காலை பத்து மணிக்கே எல்லாரும் குவியாமல், கூட்டத்தை நாள் முழுவதும் பரப்பிவிடுகிறது. தெருவில் நின்ற வரிசை எங்கே போயிற்று என்று கேட்டோமே, அது மறையவில்லை. அவரவர் வீட்டுக்கு இடம் மாறிவிட்டது. மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை பத்தேகால் மணிக்குச் சீட்டு வாங்கியவர், அந்த மூன்று வாரமும் வரிசையில்தான் நிற்கிறார். கால் வலிக்காமல், தம் வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

ஆனாலும் சீட்டு அச்சிட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். பத்து மணி முதல் பத்தரை வரை 300 பேர் என்று குறித்தால், பெரும்பாலோர் பத்து மணிக்கே வாசலில் வந்து நிற்பார்கள். ஒருவரின் சீட்டைச் சரிபார்க்க 4 விநாடி என்றால், கடைசி ஆள் நுழைய 1,200 விநாடி, அதாவது 20 நிமிடம் ஆகும். நேரச்சீட்டை வைத்துக்கொண்டே 20 நிமிடம் வெயிலில் நிற்க வேண்டும்! அதே 300 பேரைப் பத்து நிமிடத்துக்கு 100 பேராகப் பிரித்துக் குறித்துக் கொடுத்தால், கடைசி ஆளின் காத்திருப்பு 7 நிமிடத்துக்கும் குறைவு. வாசலை அகலப்படுத்தவில்லை, ஆள் கூட்டவில்லை, காலத்தை இன்னும் சிறு துண்டுகளாக வெட்டினோம். அவ்வளவே. ஆனால் ரொம்பவும் சிறிதாக வெட்டினால், பேருந்து தாமதமானதால் ஐந்து நிமிடம் பிந்தி வருபவர்களெல்லாம் தவறவிட்டவர்கள் ஆகிவிடுவார்கள். எங்கே வெட்டுவது என்பது அந்த ஊர்ப் போக்குவரத்தையும் பொறுத்தது.

கடைசிச் சீட்டு யாருக்கு?

விற்பனை நடப்பது கணிப்பொறியில். ஒவ்வொரு நேரத்துக்கும் ஓர் எண். விற்க விற்க அது இறங்குகிறது. சுழியைத் தொட்டதும் அந்த நேரம் மூடிக்கொள்கிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. கடைசியாக ஒரு சீட்டு மிஞ்சியிருக்கும்போது, சென்னையிலிருந்து ஒருவரும் டோக்கியோவிலிருந்து ஒருவரும் ஒரே நொடியில் அதைக் கேட்டால்? இருவருக்கும் கொடுத்துவிட்டால் கூடத்தில் 41 பேர் ஆகிவிடும். எனவே முதலில் கை வைத்தவருக்கு அந்தச் சீட்டைச் சில நிமிடங்கள் பூட்டி வைக்கிறார்கள். அதற்குள் பணம் செலுத்தாவிட்டால் பூட்டுத் திறந்து சீட்டு மறுபடி பொதுவுக்கு வருகிறது. 'தீர்ந்துவிட்டது' என்று காட்டிய நேரம் பத்து நிமிடம் கழித்து மீண்டும் தென்படுவது பெரும்பாலும் இதனால்தான்.

எண்ணிக்கை குறைவு, ஆசை அதிகம் என்றால் பதுக்கலும் வரும். மொத்தமாக வாங்கிக் கூடுதல் விலைக்கு விற்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கொலோசியத்தில் 2023 அக்டோபர் முதல் சீட்டில் பார்வையாளரின் பெயரை அச்சிட்டு, வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிடத் தொடங்கினார்கள்.

இங்கே என் மனத்தில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். தெருவில் நிற்கும் வரிசைக்கு ஒரு நேர்மை உண்டு. அது கேட்கும் விலை நேரம் மட்டுமே. பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரு மணி என்பது ஒரு மணிதான். முதியவர்களும் நோயாளிகளும் துன்பப்படுவார்கள் என்பது உண்மை. ஆயினும் விடியற்காலையில் வந்து நிற்கத் தயாராயிருக்கும் எவருக்கும் இடமுண்டு. நேரச்சீட்டோ முன்கூட்டியே திட்டமிடக் கூடியவரை, கணிப்பொறியும் வங்கி அட்டையும் உள்ளவரை, அந்த மொழி தெரிந்தவரைத் தேடுகிறது. வரிசைக்கு இன்னொரு குணமும் உண்டு: அது கண்ணுக்குத் தெரியும். நீளத்தைப் பார்த்துச் சிலர் திரும்பிப் போவதால் வரிசை தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். கணிப்பொறியில் நிற்கும் வரிசையின் நீளத்தை யாரும் பார்ப்பதில்லை. மிலானின் சுவருக்கு வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெரிசல் ஒன்றே சிக்கலாக உள்ள இடங்களில், அன்றன்று நேரில் வருபவருக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைப்பதே நியாயம் என்பது என் கருத்து.

வாரத்துக்கு ஐவர்

வருகை வீதத்தைக் குறைத்துக்கொண்டே போனால் எங்கே முடியும்? இரண்டு குகைகளின் கதையைக் கேளுங்கள்.

பிரான்சு நாட்டில் லாஸ்கோ குகையை 1940-இல் சில சிறுவர்கள் கண்டுபிடித்தார்கள். சுவரெல்லாம் குதிரைகளும் காளைகளும் மான்களும்; ஏறத்தாழ 17,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதர்கள் வரைந்தவை. 1948-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நாளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அவ்வளவு காலமாகக் காற்றோட்டமின்றி, ஒரே சீரான குளிரில் இருந்த குகை அது. மிலானில் நாம் போட்ட கணக்கை இங்கே நினைத்துப் பாருங்கள். மூச்சிலிருந்து வந்த நீராவி குளிர்ந்த பாறையின்மேல் முத்து முத்தாகப் படிந்தது. கரியமில வாயு அந்த நீரில் கரைந்து மெல்லிய அமிலமாகியது. பாறையோ சுண்ணாம்புப் பாறை. அமிலம் அதைக் கரைத்து, வேறிடத்தில் வெள்ளைப் படிகமாகப் படியவைத்தது. விளக்கொளியில் பச்சைப் பாசியும் வளர்ந்தது. 1963-இல் அரசு குகையை மூடிவிட்டது. திறந்து பதினைந்தே ஆண்டு!

ஸ்பெயினிலுள்ள அல்தமிரா குகைக்கும் அதே கதி. கூரையிலிருந்த காட்டெருமைகளை 1879-இல் முதலில் கண்டவள் மரியா என்ற எட்டு வயதுச் சிறுமி. தந்தை தரையில் எலும்பும் கல்லாயுதமும் தேடிக்கொண்டிருக்க, அவள் நிமிர்ந்து பார்த்தாள். 1970-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே நுழைந்தார்கள். 1977-இல் மூடினார்கள். 1982-இல் நாளுக்கு மிகச் சிலர் என்ற வரம்போடு திறந்தார்கள். 2002-இல் பாசியும் நுண்ணுயிரும் கண்டு மறுபடி மூடினார்கள்.

2014-இல் ஒரு சோதனை தொடங்கியது. வாரத்துக்கு ஐந்தே பேர். உள்ளே 37 நிமிடம். சிறப்பு உடையும் முகமூடியும் காலுறையும் அணிய வேண்டியிருந்தது. அந்த ஐவர் யார்? குறித்த நாளில் அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தோர் தம் பெயரை எழுதிப் போட்டார்கள். குலுக்கிப் போட்டு ஐந்து பெயர் எடுத்தார்கள். முன்பதிவும் இல்லை, வரிசையும் இல்லை. இடம் ஐந்து, கேட்பவர் நூற்றுக்கணக்கில் என்றால் வரிசையில் முதலில் நிற்பது யார் என்பதே பெரிய சண்டையாகிவிடும். குலுக்கலில் சண்டைக்கு இடமில்லை. ஆனால் அந்த ஐவரைக்கூட அனுமதிக்கலாமா என்பதில் அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. ஐந்து பேரின் மூச்சு எம்மாத்திரம், அளவெடுத்துப் பார்த்துக்கொண்டே விடலாம் என்று ஒரு சாரார். நுண்ணுயிர்கள் கணக்குப் பார்த்து வளர்வதில்லை, உள்ளே கொண்டுபோன ஈரமும் உயிர்ப்பொருளும் தூசியும் அவற்றுக்கு உணவாகிவிடும் என்று மற்றொரு சாரார்.

மற்றவர்கள் என்ன செய்வது? அவர்களுக்காகக் குகையின் முக்கியப் பகுதியை அருகிலேயே அச்சு அசலாகச் செய்து வைத்து 2001-இல் திறந்தார்கள். லாஸ்கோவுக்கு அத்தகைய நகல் 1983-இலேயே வந்துவிட்டது. நகலின் கூரைக்கு நம் மூச்சால் கேடு இல்லை. பாசி பிடித்தால் துடைத்துக்கொள்ளலாம். ஆனாலும் அல்தமிராவில் நகலைப் பார்க்கப் போகிறவரின் சீட்டைப் பாருங்கள்: அதிலும் நேரம் குறித்திருக்கிறது. இங்கே காப்பாற்றப்படுவது பாறை அல்ல. பின்னால் நிற்பவருக்குக் கூரை தெரிய வேண்டும் அல்லவா?